ஏலக்காயோடு காய்ந்த கிட்டார்

எதிர் வீட்டுப் பெண் கல்லூரியில் படிக்கிறாள். போன வாரம் ஒரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து, "அங்கிள், கம்பியெல்லாம் பழுப்பாயிருச்சு. உங்களுக்கு கிட்டார் தெரியும்னு ஆன்டி சொன்னாங்க" என்றாள். "வாசிக்கத் தெரியாதும்மா, துடைக்கத் தெரியும்" என்றேன். நான் அடக்கமாகப் பேசுவதாக நினைத்துச் சிரித்தாள். அடக்கமெல்லாம் இல்லை. உள்ளதே அவ்வளவுதான்.

உறையின் ஜிப்பை இழுத்தபோது உள்ளே ஒரு வெள்ளைப் பொட்டலம் கிடந்தது. கண்ணாடிக் கடுகு போல உருண்டைகள். ஈரத்தை உறிஞ்சுவதற்காகக் கம்பெனிக்காரர்களே போட்டு அனுப்புவது. தின்னக் கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். அவள் அதைக் குப்பைக்கூடைக்குக் கொண்டுபோனாள். தடுத்து வாங்கி வைத்துக்கொண்டேன். போடியில் அதற்கு வேலையே இல்லை. இங்கே காற்றே துண்டை உலர்த்திக் கொடுத்துவிடும். ஆனால் இப்படி ஒரு பொட்டலம் அன்றைக்கு மலையில் என்னிடம் இருந்திருந்தால், ஒரு நல்ல கிட்டார் அடுப்புச் சூட்டுக்குப் போயிருக்காது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் ஸ்டோர் பொறுப்பில் இருந்தேன். ஸ்டோர் என்றதும் மளிகைக் கடையை நினைத்துவிட வேண்டாம். பறித்து வரும் பச்சைக்காயை உலர்த்துகிற கட்டடத்துக்கு மலையில் அந்தப் பெயர். ஜன்னல் குறைந்த நீள அறை. வெளியே ஓர் அடுப்பு, அதில் விறகு எரியும். அந்தச் சூடு அறைக்குள் தரையோடு ஓடும் பெரிய இரும்புக் குழாய்கள் வழியாகச் சுற்றிவரும். மேலே கம்பிவலைத் தட்டுகள், தட்டு நிறையக் காய். சூடு ஏறினால் காய் வெடித்து வெளுத்துவிடும். இறங்கினால் கறுத்துவிடும். பச்சை நிறம் போகாமல் காய்ந்து வருவதில்தான் என் சம்பளம் இருந்தது. அந்த அறையின் மணம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. ஏலக்காய் மணம் என்று நீங்கள் பாயசத்தில் அறிவது அதன் பேரன். உள்ளே நுழைந்தால் கண்ணில் நீர் கட்டும், பசி போய்விடும், தலைமுடியில் ஏறிய வாசம் அடுத்த குளியலுக்கும் போகாது.

மலையில் மழை இறங்கிவிட்டால் வெயில் என்பது போடிக்குப் போய்ப் பார்க்கிற பொருள். செருப்பில் பூஞ்சாணம், பெல்ட்டில் பூஞ்சாணம், சாமி படத்துக்குப் பின்னால் பூஞ்சாணம். உப்பு தானாகக் கரைந்து ஜாடியில் நிற்கும். அதனால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் இருந்து எல்லாரும் என் ஸ்டோருக்குத்தான் வருவார்கள். பள்ளிக்கூடச் சட்டை, கம்பளி, ரேஷன் அரிசி, ஒரு தடவை ஓர் ஊமை ரேடியோ. அடுப்பைவிட்டுத் தள்ளியிருக்கிற மூலைத் தட்டை நான் இதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன். அந்த ரேடியோ காய்ந்து வெளியே வந்ததும் பாடியது. அதிலிருந்து ஸ்டோரில் வைத்தால் எதுவும் சரியாகிவிடும் என்று மலை முழுக்க ஒரு நம்பிக்கை. இந்த நம்பிக்கைதான் பின்னால் எங்களைக் கவிழ்த்தது.

கிட்டார் எனக்கு வந்தது ஓர் உதவி மேனேஜர் மூலம். கோட்டயத்துப் பக்கத்துக்காரர். மாற்றலாகிப் போகும்போது, "தனக்கு வேணோ சாரே, எனிக்கு இது சுமக்கான் வய்யா" என்றார், தன்னால் சுமக்க முடியாது என்று மலையாளத்தில். முதல் போனஸ் கையில் இருந்தது. வாங்கிவிட்டேன். கறுப்புப் பெட்டிக்குள் தேன் நிற மரம். கூடவே மெல்லிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று, கிட்டாரை எப்படிப் பராமரிப்பது என்று. அகராதி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். எப்படி வாசிப்பது என்று சொல்லும் புத்தகம் பெட்டியில் இல்லை. என் சங்கீத வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு புத்தகக் குறைபாட்டால் வந்த வினை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஈஸ்வரி ஒப்புக்கொள்ள மாட்டாள்.

ஈஸ்வரி என் மனைவி. போடிக்குப் பக்கத்துச் சிலமலை ஊர்க்காரி. அப்போது கல்யாணமாகி மலைக்கு வந்த புதிது.

புத்தகம் சொன்னது எதையும் நான் விட்டதில்லை. வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் உருவி வியர்வையை எடுக்க வேண்டும். பெட்டியைச் சுவரில் சாய்க்கக் கூடாது, படுக்க வைக்க வேண்டும். கம்பியை முறுக்கும் சாவிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அதற்கு மேல் போனால் மரம் குடித்துவிடும். ஈரத்துக்கு என்ன செய்வது என்று புத்தகம் சொன்ன சாமான் எதுவும் மலையில் கிடைக்காது. நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். அடுப்புக்கரியைப் பொடித்து, நன்றாக வறுத்து, துணிப்பையில் கட்டிப் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். தினம் கரியை மாற்ற வேண்டும். புதுக் கம்பி மதுரையில் இருந்துதான் வர வேண்டும் என்பதால், மங்கிப்போன தடித்த கம்பிகளைக் கழற்றி சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைப்பேன். அழுக்கு கழன்று மறுபடி கணீரென்று பேசும்.

"என்னக்கா, அடுப்புல என்ன?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டால் ஈஸ்வரி சொல்வாள், "எங்க வீட்டுல இன்னைக்குக் கம்பி ரசம்."

இன்னொரு பாடம் புத்தகத்திலேயே இல்லை, மலைப்பாதை கற்றுக்கொடுத்தது. கிட்டார் மலையில் ஊதும், போடியில் சுருங்கும். வளைவு வளைவாக அடிவாரத்து முந்தல் வரைக்கும் இறங்குகிற ஒரு ஜீப்புப் பயணத்துக்குள் அதற்கு இரண்டு பருவம் மாறிவிடும். அதனால் புறப்படும் முன் கம்பிகளைத் தளர்த்திவிட வேண்டும், போய்ச் சேர்ந்தபின் பொறுத்திருந்து முறுக்க வேண்டும். குழந்தையை ஊருக்குக் கூட்டிப்போகிறவர்கள்கூட அவ்வளவு ஏற்பாடு செய்ய மாட்டார்கள்.

"இந்தக் கட்டைக்கு எண்ணெ போடுற கையால எனக்கு ஒரு கொடம் தண்ணி எடுத்துக் குடுத்தா கை தேஞ்சா போகும்?" என்பாள் ஈஸ்வரி. அவளுக்குக் கிட்டார் மேல் பொறாமை. எனக்கு வேறொருவன் மேல். எங்கள் குவார்ட்டர்ஸ் சின்னது. இரண்டு பொறாமைக்குத் தாராளமாக இடம் இருந்தது.

அந்த வேறொருவன் பவுன்ராசு. ராசிங்காபுரத்தில் என் மாமன் மகன். எஸ்டேட் ஜீப்பு ஓட்டுகிற வேலைக்கு அவனை நான்தான் சிபாரிசு செய்து மேலே கொண்டுவந்தேன். அவன் வேலைக்கு வந்தபின் முதல் மழையில் ஒரு மாலை லோடு இறக்கிவிட்டு எங்கள் வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்தவன், பெட்டியைப் பார்த்து, "என்ன மாப்ளே இது, திறந்து காட்டு" என்றான். காட்டினேன். மடியில் வைத்துக்கொண்டான். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டான். பிறகு எங்கள் ஜீப்பின் ஹாரன் சத்தத்தை அப்படியே அதில் எடுத்தான். ஈஸ்வரி அடுக்களையில் இருந்து சிரித்தாள். அடுத்து அவள் காலையில் முணுமுணுத்துக்கொண்டிருந்த ரேடியோப் பாட்டின் முதல் அடியை எடுத்தான். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றாள்.

நான் அதுவரை அந்த மரத்தோடு இரண்டு மழைக்காலம் குடும்பம் நடத்தியிருந்தேன். கம்பிகளைச் சேர்த்து அமுக்குகிற பிடிகளில் மூன்று தெரியும். ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு விரல் மாறுவதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அவன் கையில் அது முதல் நாளே வாயைத் திறந்துவிட்டது. அந்தக் காப்பி எனக்கு இறங்கவில்லை.

"நல்லா வச்சிருக்க மாப்ளே. தடவினாப் பாடுது" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனான். அவன் போனபின் பார்க்கிறேன், கம்பிகளில் ஜீப்புக் கிரீஸ். கழுத்தின் பின்பக்கம் கட்டை விரல் பதிந்த கறுப்பு. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன்.

அதற்குப் பிறகு அவன் வராத மாலை இல்லை. அவன் வாசித்தால் குழாயடியில் பெண்கள் குடம் நிரம்பி வழிவதைப் பார்க்காமல் நிற்பார்கள். நான் வாசித்தால் குடம் நிரம்பும் வரை நிற்க அவர்களுக்கு நேரம் இருக்காது. வெரசாகப் போகிற சோலி எங்கிருந்தாவது வந்துவிடும். அவன் வாசிப்பான், நான் துடைப்பேன். துடைக்கும்போது கழுத்தின் குறுக்கே இருக்கிற பித்தளைக் கட்டைகளை விளக்கில் சாய்த்துப் பார்ப்பேன். அவன் விரல் பழகிய இடங்களில் கம்பி அழுந்தி அழுந்திச் சின்னப் பள்ளங்கள் விழுந்திருந்தன. என் விரல்கள் போய்வந்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. வாங்கிய அன்று போலவே பளபளத்தது. நாட்குறிப்பு எழுதும் வழக்கம் எனக்கு அப்போதே உண்டு. மழை எவ்வளவு, அடுப்பு எப்போது ஏற்றினோம், கம்பி எப்போது மாற்றினேன் என்று எல்லாம் அதில் இருக்கிறது. பவுன்ராசு பெயர் வருகிற இடங்களில் மட்டும் எழுத்து சிறுத்திருப்பதைப் பிற்பாடு கவனித்தேன்.

போடியில் அப்போது ஜமால் அண்ணன் என்று ஒரு டெய்லர் இருந்தார். பகலில் தையல், கல்யாணச் சீசனில் மெல்லிசைக் குழு. ஆர்மோனியம் அவர் வாசிப்பார். குழுவில் கிட்டார் இல்லை என்பது அவருக்கு நெடுநாள் மனக்குறை. அதை அறிந்து நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு போனேன். என் மூன்று பிடிகளையும் பொறுமையாகக் கேட்டார். கையில் இருந்த அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "தம்பி, கிட்டாரு ரொம்ப சுத்தமா இருக்குப்பா" என்றார். என்னை ஜீப்பில் கூட்டிவந்த பவுன்ராசு வாசலில் நின்றிருந்தான். "நீயும் வாசிப்பியாமே?" என்று அவனைக் கேட்டார். அவன் நிலைப்படியில் உட்கார்ந்து வாசித்தான். வழியில் போன சைக்கிள்கள் நின்றன.

முடிவு அங்கேயே ஆகிவிட்டது. "கிட்டாரு உன்னுது, கை அவனுது. ரெண்டு பேருமா வாங்க" என்றார் ஜமால் அண்ணன். அவர் நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார். நான் ஆசைப்பட்டது மேடையில் ஒரு நாற்காலி. கிடைத்தது பெட்டி தூக்கும் வேலை. என்ன கூத்தென்றால், அதையும் விட எனக்கு மனமில்லை. இவன் கையில் தனியாகக் கொடுத்தனுப்பினால் கம்பியைத் தளர்த்தாமல் மலை ஏற்றிவிடுவானே.

ஆவணியில் போடியில் ஒரு பெரிய ஏலக்காய் வியாபாரி வீட்டுக் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். குழுவுக்கு அதுதான் அந்த வருடத்தின் பெரிய கச்சேரி. கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள். அங்கே எடுபட்டால் பிற ஊர்களுக்கும் அழைப்பார்கள் என்று ஜமால் அண்ணன் எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆடியில் என் அப்பாவுக்குக் கண்ணில் ஆபரேஷன். நான் ராசிங்காபுரத்துக்கு இறங்க வேண்டியதாயிற்று. கரியை மாற்றுவதை ஈஸ்வரியிடம் ஒப்படைத்தேன். பெட்டியை யார் கேட்டாலும் கொடுக்காதே என்றும் சொன்னேன். யார் கேட்டாலும் என்று நான் சொன்னது யாரை என்று அவளுக்குத் தெரியும்.

திரும்பி வந்தபோது ஜீப்பு முந்தலில் எனக்காகக் காத்திருந்தது. பவுன்ராசு வழக்கமாக வழி முழுக்கப் பேசுவான். அன்று வளைவுகளில் ஹாரன் அடித்ததோடு சரி. மெட்டுக்கு மேலே பனிக்குள் நுழைந்ததும் வண்டியை ஓரம் கட்டினான்.

"மாப்ளே, கோவிச்சுக்கிராத."

"என்னடா?"

"கிட்டாரு பூத்துப் போச்சு. மேல கீழ எல்லாம் பூஞ்சாணம். ஈஸ்வரி கரி மாத்தத்தான் பாத்துச்சு, மழையில கரியே சொதசொதன்னு கெடக்கு, அது என்ன செய்யும்? கட்ட ஊதிக் கம்பி மேல தூக்கிருச்சு. அமுக்குனா வெரலு அந்துரும் போல. கச்சேரி வேற வருதுல்ல..."

"சொல்லு."

"ஸ்டோர்ல வச்சேன்."

அவனாகவே மேலே சொன்னான். "மூலைத் தட்டுலதான் வச்சேன். நீ வைக்கிற எடந்தான். ரேடியோவே பாடுச்சேன்னு..."

அந்த வாரம் முதல் பறிப்பு. காய் மழையில் நனைந்து வந்து குவிந்திருக்கிறது. நான் இல்லாத ஸ்டோரில் அடுப்புக்காரர் காய் கறுத்துவிடுமோ என்று பயந்து விறகைத் தாராளமாகத் தள்ளியிருக்கிறார். மூலைத் தட்டுக்கும் அன்று சூடு எட்டியிருக்கிறது. ஏலக்காய் நன்றாகவே வந்திருந்தது. கம்பிகளின் அடிப்பக்கத்தைப் பிடித்திருக்கும் கட்டை, பிரிட்ஜ் என்பார்கள், அது பசை இளகி ஒரு பக்கம் வாய் பிளந்து எழும்பியிருந்தது. வயிற்றுப் பலகையில் துளையில் இருந்து கீழ்நோக்கி ஒரு விரிசல். பூஞ்சாணம் மட்டும் சுத்தமாகப் போயிருந்தது.

அதன் முன்னால் நாங்கள் இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்திருந்தோம். பவுன்ராசு கண்ணைக் கசக்கினான். "புகை" என்றான். ஸ்டோருக்குள் புகை வராது. வந்தால் காய் கெட்டுப்போகும். வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

எனக்கு உள்ளே முதலில் வந்தது கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. ஒரு குளிர்ச்சி. இனி அவனும் வாசிக்க மாட்டான். இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டோம். "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அந்த மாலை ஈஸ்வரி வைத்த கருவாட்டுக் குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அந்தக் குளிர்ச்சி சில நாள்தான் தாங்கியது. பவுன்ராசு போடிக்கு லோடு கொண்டுபோய்விட்டுத் திரும்பியவன் படியேறும்போதே சீட்டி அடித்துக்கொண்டு வந்தான்.

"மாப்ளே, நீ ஒண்ணும் கவலப்படாத. தேனில ஒருத்தருட்ட எலெக்ட்ரிக் கிட்டாரு கெடக்காம். கச்சேரிக்கு வாங்கித் தர்றேன்னு ஜமால் அண்ணே சொல்லிட்டாரு."

"அது எப்படி இருக்கும்?"

"செவப்புக் கலரு. கெட்டிக் கட்டையாம் மாப்ளே, உள்ள பொந்தே கெடையாது. மழை வெயிலு ஒண்ணும் செய்யாது. சும்மா துணிய வச்சு ஒரு இழுப்பு இழுத்தாப் போதுமாம்."

நீங்கள் நம்ப மாட்டீர்கள், அவன் என் கிட்டாரை வாசித்தபோது வந்த பொறாமை ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கோ தேனியில், பார்த்தறியாத ஒரு சிவப்புக் கட்டை, கரி மாற்றாமல், கம்பி தளர்த்தாமல், ஒருவர் கையும் பாடுபடாமல், அவன் விரல்களை வாங்கிக்கொள்ளப் போகிறது. என்னுடையது கட்டிலுக்கடியில் கிடக்க, அது மேடையில் ஏறப் போகிறது. எனக்குத் தூக்கம் கெட்டது.

போடிக்கு இறங்கித் தச்சுச் சாமான் விற்கிற கடையில் வஜ்ரம் வாங்கினேன். மரவேலைக்காரர்கள் உருக்கி ஒட்டுகிற பசை அது. முதல் நாளே ஊறப்போட்டு, பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்துக் கொதிநீர்ச் சூட்டில் இளக்க வேண்டும். வாடை தாங்காது. ஈஸ்வரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்தச் சட்டியில இனிமே நான் எப்புடிக் கொழம்பு வைக்கிறது?" என்றாள்.

"புதுசு வாங்கித் தர்றேன்."

"கிட்டாருக்கா, எனக்கா?"

பிரிட்ஜின் பழைய பசையை பிளேடால் மாவு மாவாகச் சுரண்டி எடுத்தேன். அவசரப்பட்டால் மரமும் சேர்ந்து வரும். புதுப் பசை வைத்து, ஜீப்பின் பழைய டியூபை நாடாவாகக் கீறி இழுத்துக் கட்டி, மேலே ஸ்டோர் தராசின் எடைக்கற்களை ஏற்றினேன். விரிசலுக்குத்தான் வழி தெரியவில்லை. உள்பக்கமிருந்து மெல்லிய மரச் சில்லு ஒன்றை வைத்து ஒட்ட வேண்டும். நடுவில் இருக்கிற துளைக்குள் என் கை நுழையவில்லை. நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஈஸ்வரி வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, "தள்ளுங்க" என்றாள். அவள் கை உள்ளே போயிற்று. நான் வெளியில் இருந்து வழி சொன்னேன். இன்னும் கீழே, கொஞ்சம் இடப்பக்கம், அங்கேதான், அமுக்கு.

"புருசன் வச்சிருக்கிறவளுக்குப் பிரசவம் பாக்குற பொண்டாட்டி இந்த மலையில நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்" என்றாள், கையை எடுக்காமல். சிரித்தால் சில்லு நகர்ந்துவிடும் என்று இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம்.

காய்வதற்கு அதை ஸ்டோருக்குக் கொண்டுபோகவில்லை. அடுப்படியைவிட்டுத் தள்ளிப் பெஞ்சில் வைத்து, யாரையும் தொடவிடாமல் காத்திருந்தேன். கம்பி மாட்டி முதல் சாவியைத் திருப்பியபோது என் கழுத்து நரம்பும் சேர்ந்து முறுகியது. நின்றது. ஆனால் மேடையில், பவுன்ராசுவின் கை வேகத்துக்கு நிற்குமா என்பதை மேடையில்தான் அறிய முடியும்.

கல்யாணத்துக்கு நான் பெட்டியோடு போனேன். ஈஸ்வரி பட்டுச்சேலையில் வந்தாள். மேடையில் சிவப்புக் கட்டை ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. விளக்கு பட்டு மின்னியது. சொல்லத்தான் வேண்டும், அழகாகவே இருந்தது. என் பெட்டியைப் பார்த்த ஜமால் அண்ணன், "அது எதுக்குப்பா? இதுலதான் சத்தம் வரும்" என்றார். பவுன்ராசு என் முகத்தைப் பார்க்காமல் சிவப்பை எடுத்து மாட்டிக்கொண்டான். பின்வரிசையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிள்ளையைத் தேர்வு முடிவுக்குக் கூட்டி வந்த தகப்பன் மாதிரி.

சிவப்பு முழங்கியது. பந்தலுக்கு வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் தொடையில் தாளம் போட்டார். ஒவ்வொரு கைத்தட்டலுக்கும் நான் பெட்டியின் பூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

நடுவில் மெதுவான பாட்டு ஒன்று. பெண் குரல் தனியாக, பின்னால் கிட்டார் மட்டும். பவுன்ராசு சிவப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் கையை நீட்டினான். "மாப்ளே, கொண்டா" என்றான்.

கொண்டுபோனேன். இது மின்சாரத்தில் பேசுகிற சாதி இல்லையே, துளைக்கு அருகில் மைக் வேண்டும். ஸ்டாண்டு பாடுகிற பெண்ணிடம் இருந்தது. "யாராச்சும் மைக்கப் புடிங்கப்பா" என்றார் ஜமால் அண்ணன். நான் பவுன்ராசுவின் முன்னால் முழந்தாளிட்டு மைக்கைப் பிடித்தேன். அப்படித்தான் நான் கச்சேரி மேடையில் ஏறினேன்.

அவ்வளவு அருகில் அவன் விரல்களை அதுவரை பார்த்ததில்லை. ஒரு பிடியை விடுவதற்கு முன்பே அடுத்த பிடிக்கு அவை தயாராக இருந்தன. அதை எப்படிச் செய்கிறான் என்று கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை. பாதிப் பாட்டுக்கு மேல் அதையும் நான் பார்க்கவில்லை. என் கண் பிரிட்ஜிலேயே இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அது நடுங்கியது. நடுங்குகிறதா, எழும்புகிறதா? அவன் நெற்றியில் இருந்து ஒரு சொட்டு வியர்வை விரிசல் ஒட்டிய இடத்தில் விழுந்தது. என்னால் முடியவில்லை. இடது கையால் சட்டைப் பையில் இருந்த பனியன் துணியை எடுத்து ஒற்றினேன். முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. பெண்கள் பக்கத்தில் இருந்து ஈஸ்வரியின் குரல் நன்றாகவே கேட்டது. "மேடையிலயுமா?"

பாட்டு முடிந்தது. பிரிட்ஜ் நின்றது. கைத்தட்டல் சிவப்புக்கு வந்ததைவிட நீளம் என்று நான் இன்றைக்கும் சாதிப்பேன். அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்து அவன் பக்கமாகவே உருண்டுபோயிற்று. பவுன்ராசு குனிந்து என் காதில், "நின்னுச்சு மாப்ளே" என்றான்.

அந்தக் கல்யாணத்துக்கு வந்த யாரோ ஒருவர் அவனைத் திருப்பூருக்கு அழைத்தார். அங்கே பெரிய குழு, வாரம் முழுக்கக் கச்சேரி. தை பிறந்ததும் ஜீப்புச் சாவியை எஸ்டேட்டில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டான். சிவப்புக் கட்டையை விலைக்குப் பேசிவிட்டதாகச் சொன்னான். "நீயும் இதக் கொண்டு போ" என்று என் பெட்டியைக் காட்டி நான் சொல்லிப் பார்த்தேன். "இதெல்லாம் எனக்குப் பாக்கத் தெரியாது மாப்ளே, ஒன்னால மட்டுந்தான் முடியும்" என்றான். புகழ்ச்சியாகத்தான் சொன்னான். அவன் ஏறிய பஸ்சு திரும்பும் வரை அதை மென்றுகொண்டு நின்றேன்.

எண்பதுகள் முடிவதற்குள் நாங்களும் எஸ்டேட்டை விட்டுப் போடிக்கு வந்துவிட்டோம். இப்போது மேலே போனால் எதுவும் அடையாளம் தெரிவதில்லை. ஸ்டோர்களில் மெஷின் வந்துவிட்டது. பொத்தானைத் திருப்பினால் சொன்ன சூட்டில் நிற்கிறது. காய் உலர்த்துகிற இடத்தில் யாரும் சட்டை காயப்போட வருவதில்லை. ஜமால் அண்ணன் காலமாகி அவர் கடையில் செல்போன் கவர் தொங்குகிறது. கல்யாணங்களில் பீரோ உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள் வைத்துப் பாட்டுப் போடுகிறார்கள். கச்சேரியில் யார் கைக்காகவும் யாரும் பாத்திரம் கழுவுவதை நிறுத்துவதில்லை. கிட்டார் மட்டும் என்னோடு இருந்தது. வாரம் தவறாமல் துடைத்தேன், கம்பி மாற்றினேன். யாரும் வாசிக்காத கம்பியும் காலாவதியாகும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

பவுன்ராசு சென்ற வருடம் ஒரு காரியத்துக்கு ராசிங்காபுரம் வந்தவன் எங்கள் வீட்டுக்கும் வந்தான். தலை முழுக்க வெள்ளை. மகன்கள் பனியன் தொழிலில் நன்றாக இருக்கிறார்களாம். ஈஸ்வரி காப்பியை வைத்துவிட்டு, நான் கேட்கத் தயங்கியதைக் கேட்டாள். "அண்ணே, ஒண்ணு வாசிங்களேன்." பெட்டியைத் திறந்தேன். வாங்கி மடியில் வைத்தான். ஒரு பிடி பிடித்தான், பிடித்த விரலை உடனே உதறினான்.

"வலிக்குது ஆத்தா" என்று சிரித்தான். "அதெல்லாம் விட்டு எந்தக் காலமோ ஆச்சு. குழுவுல சண்ட, அலைச்சலு. ஒரு நா செவப்புக் கிட்டார வித்துப்புட்டு ஒக்காந்துட்டேன்."

"கஷ்டமா இல்லையாடா?" என்றேன்.

"எதுக்கு?" என்றான். உண்மையாகவே புரியாமல் கேட்டான். கிட்டாரை சோபாவில் கம்பி கீழே படும்படி கவிழ்த்து வைத்துவிட்டு, திருப்பூர் பஸ்சு எத்தனை மணிக்கு என்று விசாரித்தான். காப்பியை ரசித்துக் குடித்தான். பேரன் சைக்கிள் பழகுவதைப் பற்றிப் பேசினான். அவன் முகத்தில் எதையோ தொலைத்தவனின் நிழல் கொஞ்சமாவது இருக்கிறதா என்று பஸ்சு ஏற்றிவிடும் வரை தேடினேன். இல்லை.

வீடு திரும்பியதும் ஈஸ்வரி, "மூஞ்சி ஏன் இப்புடி இருக்கு?" என்றாள்.

"விட்டுட்டேன்னு எவ்வளவு லேசாச் சொல்றான் பாத்தியா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுக்குமா பொறாம?" என்று கேட்டாள்.

நான் பனியன் துணியை எடுத்துக்கொண்டு கிட்டாரிடம் போனேன். உங்களிடம் சொல்ல என்ன, ஆமாம்.